கேள்வியை மாற்றுங்கள்: தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளித் தமிழாசிரியர்களுக்கும், தமிழ்ப் பாடத்துக்கு வினாத்தாள் அமைக்கும் பெரியோர்களுக்கும்,

வணக்கம்.

தேர்வில் ஒரு பாடலைக் கொடுத்து ‘நயம் பாராட்டுக’ என்று கேட்கிறீர்களே, அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இந்த மடல். நான் கவிதை எழுதுகிறவன். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் கவிதைப் போட்டி என்றால் நடுவராக வந்து உட்காரச் சொல்வார்கள், போவேன். பிள்ளைகள் எழுதித் தரும் தாள்களைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தேர்வுக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது. கவிதையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது முழுக்க அங்கிருந்து வந்தது என்பது வரிக்கு வரி தெரிகிறது.

விடை எப்படி இருக்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, இயைபு, முரண், அணி, சுவை என்று துணைத்தலைப்புகள் போட்டு அடிக்கோடிட வேண்டும். மோனைக்குக் கீழே ‘காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை’ என்று ஒரு வரி. எதுகைக்குக் கீழே ‘மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை’. அப்புறம் பாடலிலிருந்து இரண்டிரண்டு சொற்களை எடுத்து, முதலெழுத்து ஒன்றி வந்தது, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தது என்று காட்டினால் போதும். கையேட்டில் இருக்கும் இந்த வரிகளைப் பாடலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடலாம். நன்றாகப் படிக்கிற ஒரு மாணவியிடம், தேர்வில் வந்த பாட்டு எதைப் பற்றியது என்று கேட்டேன். “இயற்கை, சார்” என்றாள். இயற்கையில் என்ன என்றேன். “மறந்துபோச்சு. ஆனா முழு மார்க் வந்துடும்.” அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. கேட்டதைக் கொடுத்திருக்கிறாள்.

உங்கள் மேலும் குறை சொல்ல வரவில்லை. பாடத்தை முடிக்க வேண்டும், தேர்ச்சி விழுக்காடு காட்ட வேண்டும், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளையும் கரையேற்ற வேண்டும். துணைத்தலைப்பு போட்டு எழுதினால் அந்தப் பிள்ளையும் நாலு மதிப்பெண் வாங்கிவிடும் என்ற அக்கறையில்தான் இந்த முறை வளர்ந்திருக்க வேண்டும். ஆனால் அதன் விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். சொல்ல வந்த கருத்தை நேராகச் சொல்லாமல் மேலே பூ வைத்து, பொட்டு வைத்துச் சொல்வதுதான் கவிதை என்ற எண்ணம் அவர்களுக்குள் இறங்கிவிடுகிறது. அந்த எண்ணத்தோடு பள்ளியை விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் மறுபடி ஒரு கவிதைப் புத்தகத்தைத் தொடுவதில்லை.

இதற்கு மாற்றை வெளியே தேடிப் போக வேண்டியதில்லை. நீங்கள் கரைத்துக் குடித்த தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. பொருளதிகாரத்தில் செய்யுளியல் தொடங்கும்போது, செய்யுளுக்கு உறுப்புகள் என்று 34 பெயர்களை அடுக்குகிறார் தொல்காப்பியர். மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி என்று தொடங்குகிற அந்தப் பட்டியலில் நம்முடைய மோனையும் எதுகையும் முரணும் இயைபும் ‘தொடை’ என்ற ஓர் உறுப்புக்குள் அடங்கிவிடுகின்றன. 34-இல் ஒன்று. மீதியில் என்னென்ன இருக்கின்றன பாருங்கள்: கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம். யார் பேசுகிறார்கள்? யார் காதில் விழும்படி பேசுகிறார்கள்? எந்த இடத்தில்? எப்போது? இப்படிப் பேசுவதால் என்ன நடக்க வேண்டும்? நமக்குள் என்ன நடக்கிறது? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்? ஒரு கவிதையின் முன்னால் உட்கார்ந்து கேட்க வேண்டிய கேள்விகளை இதைவிடத் தெளிவாக வேறு யாரும் சொல்லி நான் படித்ததில்லை. கவிதை எழுதுகிறவன் ராத்திரி உட்கார்ந்து தனக்குத்தானே கேட்டுக்கொள்கிற கேள்விகளும் இவையேதான்.

சும்மா சொல்லவில்லை, வகுப்பில் செய்து பார்க்கலாம். குறுந்தொகையின் 25-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கபிலர் பாடியது. ஐந்தே அடி.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

சொற்பொருளை முதலில் சொல்லிவிடலாம், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அவன் என்னோடு சேர்ந்த அன்று அங்கே வேறு யாருமில்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன். தினையின் தாளைப் போலச் சின்னப் பச்சைக் கால்களோடு, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனுக்காகப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் இருந்தது. அவ்வளவுதான். இனிமேல் கேள்விகள். யார் பேசுகிறாள்? ஓர் இளம்பெண். யாரிடம்? தோழியிடம். ஏன் தோழியிடம், ஏன் அம்மாவிடம் இல்லை? இந்த இடத்தில் வகுப்பு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும், நான் பார்த்திருக்கிறேன். சரி, ‘யாரும் இல்லை’ என்று ஆரம்பித்தவள் கடைசியில் ‘குருகும் உண்டு’ என்கிறாளே, சாட்சி இருந்ததா இல்லையா? இருந்தது. ஆனால் அந்தச் சாட்சியின் கண் எங்கே இருந்தது? மீன் மேலே. நாளைக்கு அவன் மறுத்தால் அந்தக் குருகு வந்து அவளுக்காகப் பேசுமா?

இன்னும் ஒன்று கேளுங்கள். தன் வாழ்க்கையே போய்விடுமோ என்று பயந்துகொண்டிருப்பவளுக்கு, அந்தப் பறவையின் கால் எவ்வளவு மெல்லியது, என்ன நிறம் என்பதெல்லாம் எப்படி நினைவிருக்கிறது? ஒரு பையன் எழுந்து, “பயந்தா அப்படித்தான் சார், சம்பந்தமில்லாதது நல்லா ஞாபகம் இருக்கும்” என்றான். அவனுக்கு அதற்கு முன் கபிலரின் பெயர் தெரியாது. பாட்டில் ‘அச்சம்’ என்ற சொல்லும் இல்லை, ‘துயரம்’ என்ற சொல்லும் இல்லை. பச்சைக் கால் மட்டும்தான் இருக்கிறது. பயத்தை அவன் அதிலிருந்து எடுத்துவிட்டான். இதை ‘மையக் கருத்து: தலைவியின் பிரிவாற்றாமை’ என்று ஒரு வரியில் எழுதச் சொன்னால், அவன் கண்டுபிடித்தது எங்கே போகும்?

உரையாசிரியர்கள் இப்படித்தான் படித்தார்கள். தொல்காப்பியர் பட்டியலில் ‘நோக்கு’ என்று ஓர் உறுப்பு உண்டு. மாத்திரையிலிருந்து அடி வரைக்கும் எதையும் தாண்டிப் போகவிடாமல் நம்மை நிறுத்திப் பார்க்க வைப்பது நோக்கு. அதை விளக்கப் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் அகநானூற்றின் 4-ஆம் பாட்டை எடுத்துக்கொண்டு, முதல் சொல்லிலிருந்து நின்று நின்று போகிறார். பிரிந்து போன தலைவன் கார்காலத்தில் திரும்பி வருகிறான் என்று தலைவியைத் தோழி தேற்றும் பாட்டு அது. பூத்த சோலையில் துணையோடு தங்கியிருக்கும் தேனீக்கள் சத்தத்தில் மிரண்டுவிடக் கூடாதே என்று, தேர் மணியின் நாக்கைக் கட்டிவைத்துக்கொண்டு அவன் வருகிறானாம். ‘உன்மேல் அவனுக்குக் கொள்ளை அன்பு’ என்று தோழி ஓர் இடத்தில்கூடச் சொல்லவில்லை. தேனீயின் இணையைக்கூடப் பிரிக்க மனம் வராதவன் என்று மட்டும் சொல்கிறாள். மீதியைத் தலைவி தானே நினைத்துக்கொள்ள வேண்டும், நாமும்தான்.

இனி, எழுதுகிறவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன். கவிதை எப்படி எழுதுவது என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று பல ஆசிரியர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ‘கற்பனை வேண்டும்’, ‘உணர்ச்சி பொங்க வேண்டும்’ என்று சொல்லிவைக்கிறோம். உணர்ச்சி எல்லோருக்கும் பொங்குகிறது. எழுதும்போது உண்மையில் நடக்கிற வேலை வேறு. என் அப்பா போன பிறகு நான் எழுதிய ஒன்றை வைத்தே காட்டுகிறேன். முதலில் தாளில் வந்தது இது:

அப்பா இல்லாத வீட்டில்
சோகம் நிழலாய்ப் படர்ந்தது
வெறுமை என் நெஞ்சை அரித்தது

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது எந்த வீட்டிலும் யார் போனாலும் எழுதக்கூடியது. என் அப்பா இதில் இல்லை. அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யோசித்தேன். விடியற்காலையில் எழுந்து மாடித் தொட்டிக்கு மோட்டார் போடுவார். அந்தச் சத்தத்தில்தான் வீடு எழும். அவர் போன பிறகு அதைப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சோகம், வெறுமை, நெஞ்சு மூன்றையும் அடித்தேன். கடைசியில் நின்றது இவ்வளவு:

விடிந்துவிட்டது
மோட்டார் சத்தம் கேட்கவில்லை
குழாயைத் திறந்தேன்
காற்று வந்தது

கடைசி வரியில் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தேன். ‘வந்தது காற்று’ என்று போட்டால் கொஞ்சம் மேடைப் பேச்சு மாதிரி ஒலிக்கிறது. ‘புஸ்ஸென்று காற்று வந்தது’ என்றால் குழாய்ச் சத்தம் கேட்கிறது, ஆனால் கூடவே சிரிப்பும் வந்துவிடுகிறது. ‘வெறும் காற்று’ என்று போட்டால் அடித்துப் போட்ட வெறுமை பின்வாசல் வழியாக மறுபடி உள்ளே வந்துவிடுகிறது. வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். இது பெரிய கவிதை என்று நான் சொல்லவில்லை. வேலை இப்படித்தான் நடக்கிறது என்று காட்டத்தான் வைத்தேன். ஒரு பொருளைக் கண்டுபிடிப்பது, அதைச் சுற்றி இருக்கிற விளக்கத்தை எடுப்பது, காதால் சரிபார்ப்பது. பிள்ளைகளிடம் தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம், கணக்கு சொல்லிக்கொடுப்பது போலவே.

காது என்று சொன்னதால் யாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நான் புதுக்கவிதைக்காரன் என்பதால் தேமா, புளிமாவை வேண்டாம் என்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அசையும் சீரும் காதுக்கான பயிற்சி. கரும்பலகையில் பிரித்துப் போட்டு வாய்பாடு எழுதுவதற்கு முன்னால், கையைத் தட்டிக்கொண்டு வகுப்பே ஒரு தடவை பாடட்டும். பாரதியின் மழைப் பாட்டில் ‘திக்குகள் எட்டும் சிதறி’ என்று தொடங்கி ‘தக்கத் தீம்தரிகிட தீம்தரிகிட’ என்று வரும் இடத்தை வாய்விட்டுச் சொன்ன பிள்ளைக்குச் சந்தம் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அதே பாரதி வசன கவிதையும் எழுதினார். 1959-இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழில் புதுக்கவிதை வேர்பிடித்தது. புதிதாகப் புனைகிற யாப்புக்குத் தொல்காப்பியர் ‘விருந்து’ என்று இடம் ஒதுக்கியிருக்கும்போது மரபா புதுசா என்ற சண்டையை நாம் வகுப்பறைக்குள் கொண்டுபோக வேண்டாம்.

குறுந்தொகையில் சொந்தப் பெயர் தெரியாமல் போன புலவர்கள் பலர் உண்டு. தொகுத்தவர்கள் அவர்களுடைய பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துப் பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயனீரார், மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார். அணிலாடு முன்றிலார் என்று ஒருவர். ஊரைவிட்டு ஜனங்கள் போய்விட்டார்கள், வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிறது, அவன் பிரிந்த நாளில் நான் அந்த வீட்டைப் போல இருக்கிறேன் என்று ஒரு பெண் சொல்கிறாள். எழுதியவர் ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று எதுவும் மிஞ்சவில்லை. முற்றத்து அணில் மிஞ்சியிருக்கிறது. ஆசிரியர் குறிப்புக்கு மதிப்பெண் வைக்கும்போது எனக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

இதெல்லாம் எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். பிள்ளைகளும் கேட்பார்கள். கவிதையால் என்ன லாபம்? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ‘மொழி வளம் பெருகும்’ என்ற பதில் யாருக்கும் போதாது. எனக்குத் தெரிந்த பதில் கிராமத்துச் சாவு வீட்டில் இருக்கிறது. சொத்துப் பிரிவினையில் தன்னை ஏமாற்றிய அண்ணன் தம்பிகள் முன்னால் வாயைத் திறக்க முடியாமல் இருந்த ஒரு பெண், அம்மா செத்த அன்று ஒப்பாரியில் வைத்துப் பாடுவாள். ஊரே உட்கார்ந்து கேட்கும். பேச்சாகச் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும், பாதியில் வாயை அடைத்திருப்பார்கள். பாட்டாக வருவதை நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை. தாலாட்டிலும் இது உண்டு. ‘மாமன் அடித்தானோ மல்லிகைப்பூச் செண்டாலே, அத்தை அடித்தாளோ அரளிப்பூச் செண்டாலே’ என்று எங்கள் பக்கம் பாடுவார்கள். குழந்தைக்கு மாமன் என்றால் பாடுகிறவளின் உடன்பிறந்தவன். அவன் கையில் மல்லிகை. அத்தை என்றால் அவளுடைய நாத்தனார். அந்தக் கையில் அரளி. தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கு இது புரியப் போவதில்லை. பாடுகிறவளுக்கு அது போதும், மனம் கொஞ்சம் லேசாகும். வேறு எப்படியும் சொல்ல முடியாததை, சொன்னவருக்குக் கேடு வராதபடியும் கேட்டவர் மறக்க முடியாதபடியும் சொல்வதற்குத்தான் நம் ஜனங்கள் பாட்டை வைத்திருந்தார்கள்.

புறநானூற்றின் 112-ஆம் பாட்டும் இந்த வகைதான். பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டு, பாரி மாண்ட பிறகு அவருடைய பெண்கள் பாடியது.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

போன மாதத்து நிலா, இந்த மாதத்து நிலா. இடையில் என்ன நடந்தது என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அப்பாவைச் சொல்லி அப்புறம் மலையைச் சொன்ன பெண்கள், பின்பாதியில் வரிசையை மாற்றுகிறார்கள். மலையைச் சொல்லிவிட்டு, அப்பாவைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போய், சொல்லியே ஆக வேண்டும் என்ற இடத்தில் சொல்லி நிறுத்துகிறார்கள். சுவடியில் கிடந்த இந்தப் பாட்டை உ.வே. சாமிநாதையர் 1894-இல் அச்சில் கொண்டுவந்தார். இன்றைக்குப் போரில் வீட்டையும் அப்பாவையும் ஒரே மாதத்தில் இழந்த ஒரு பெண் இதைப் படித்தால், அவளுக்கு உரை தேவைப்படாது. ஈழத்திலிருந்து வந்த ஒரு தோழி இதைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கி நான்காம் அடியோடு நிறுத்திக்கொண்டார். இந்தப் பாட்டைக் கொடுத்து ‘அற்றை, இற்றை: எதுகை’ என்று எழுதினால் விடை சரிதான். மதிப்பெண்ணும் தரலாம். ஆனால் அந்த விடையில் பாரியின் பெண்கள் இல்லை.

கவிதைப் போட்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘தாய்மை’, ‘தமிழே உயிரே’, ‘மரம் வளர்ப்போம்’, ‘நாளைய இந்தியா’ என்று தலைப்பு கொடுக்கிறோம். இந்தத் தலைப்புகளில் ஒரு பிள்ளைக்குப் பார்க்க ஒன்றுமில்லை; ஏற்கெனவே எல்லோரும் சொன்னதைச் சொல்லத்தான் முடியும். ‘எங்கள் தெருவில் ஒரு மரம்’ என்று கொடுங்கள். எந்த மரம், யார் நட்டது, அதில் ஆணி அடித்து யார் பலகை மாட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து எழுதட்டும். ‘அம்மாவின் கை’ என்று கொடுங்கள். தாய்மைக்குக் கிடைக்கிற தெய்வம், தியாகம், ஒளிவிளக்கு எல்லாம் போய், வெங்காய வாசனையும் தீப்பெட்டிக் கம்பெனியில் விரலில் ஏறிய கறையும் வரும். அப்படி எழுதிய ஒரு தாளுக்கு முதல் பரிசு கொடுக்கலாம் என்றேன். ‘இதில் கருத்து இல்லையே’ என்று உடன் இருந்த நடுவர் ஒருவர் தயங்கினார். நல்ல மனிதர், நிறையப் படித்தவர். அவருக்கும் பள்ளியில் அதே துணைத்தலைப்புகளைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லவில்லை, புதுப் புத்தகம் கேட்கவில்லை. ‘நயம் பாராட்டுக’ என்பதற்குக் கீழே நாலு சின்னக் கேள்விகள் வையுங்கள். இந்தப் பாட்டில் பேசுவது யார், யாரிடம்? எந்த இடம், எந்த நேரம் என்பது எந்தச் சொல்லால் தெரிகிறது? சொல்லாமல் விட்டது என்ன? எந்தச் சொல்லை எடுத்தால் பாட்டு கெட்டுப்போகும், ஏன்? மோனையும் எதுகையும் கடைசிக் கேள்விக்குள் தானாக வந்துவிடும். அவை இருப்பதைச் சொன்னால் போதாது, அங்கே என்ன செய்கின்றன என்று பிள்ளை சொல்ல வேண்டியிருக்கும்.

இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது, ஆளுக்கு ஒன்று எழுதினால் விடைக்குறிப்பு எப்படித் தயாரிப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கவலை, நூறு நூறாகத் தாள் திருத்துகிறவர்களுக்கு இது சின்னச் சிக்கல் இல்லை. ஒரே ஒரு விதி வைக்கலாம்: பிள்ளை என்ன சொன்னாலும், பாட்டிலிருந்து ஒரு சொல்லையோ அடியையோ காட்டிச் சொல்லியிருந்தால் மதிப்பெண், காட்டாமல் பொதுவாகச் சொன்னால் இல்லை. ‘குருகு சாட்சி சொல்லாது, ஏனென்றால் அது மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது’ என்பதற்கு முழு மதிப்பெண். ‘கவிஞர் அழகாகப் பாடியுள்ளார்’ என்பதற்குக் கிடையாது. இதைத் திருத்த ஒரு தாளுக்கு இப்போது ஆவதைவிட அதிக நேரம் ஆகாது. பொதுத்தேர்வில் உடனே முடியாது என்றால், வரும் காலாண்டுத் தேர்வில் உங்கள் பள்ளி அளவில் ஒரு பிரிவுக்கு மட்டுமாவது வைத்துப் பாருங்கள். முன்கூட்டிப் பயிற்சி வகுப்பு வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறேன். குறுந்தொகை 25-ஐ எடுத்துக்கொண்டு வருகிறேன். ஒரு பாடவேளை போதும்.

அன்புடனும் மரியாதையுடனும்,
கவிதை எழுதும் ஒரு முன்னாள் மாணவன்